நண்டு ரசமும் காட்மியமும்: ஆச்சி பதில்கள்

போன இதழில் நண்டின் மஞ்சளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். "கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பது நல்லது" என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் நண்டு, இறால், மட்டி, சிப்பிக்கே கொடுத்துவிட்டேன். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருடம் வேதியியல் நடத்தியவள் நான். அடுப்படியில் நின்றது அதைவிடக் கூடுதல் வருடம். இரண்டுக்கும் பொதுவான கேள்விகள் வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். எனக்கு இது ஐந்தாம் மாதம். சளி பிடித்தால் அத்தை நண்டு ரசம் வைத்துக் கொடுப்பார். நண்டில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது என்று தங்கை செல்லில் அனுப்பியதிலிருந்து குடிக்கவே பயமாக இருக்கிறது. வேண்டாம் என்றால் அத்தை மனம் கஷ்டப்படும். என்ன செய்வது?
வாசகி, தேவகோட்டை

அத்தை சொல்வதும் சரி, தங்கை சொல்வதும் சரி. நண்டை உடைக்கிற இடத்திலேயே இரண்டு பேருக்கும் வழி இருக்கிறது.

அடுத்த முறை நண்டு வாங்கும்போது நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நண்டைக் கவிழ்த்து, வயிற்று மடலை நிமிர்த்தி, முதுகு ஓட்டைப் பிரித்தால் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரல் விரலாகப் பஞ்சு போல் ஒன்று தெரியும். அது செவுள். அதை எல்லோரும் பிய்த்து எறிந்துவிடுகிறோம். நடுவிலும், ஓட்டின் இரண்டு மூலைகளிலும், மஞ்சளும் பச்சையும் பழுப்புமாகக் குழைந்து கிடக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். நண்டு மஞ்சள், கொழுப்பு என்றெல்லாம் சொல்லி, ருசியான பகுதி என்று பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கிறோம். உண்மையில் அது நண்டின் கல்லீரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. தின்றதைச் செரிப்பது அங்கேதான். உடம்புக்குள் வந்த வேண்டாத உலோகத்தைப் பிடித்து வைப்பதும் அங்கேதான். காட்மியம் வந்து சேர்ந்தால் மெட்டலோதயோனின் என்ற புரதம் அதைக் கட்டிப் போட்டுவிடும். நண்டுக்குக் கெடுதல் குறைகிறது. ஆனால் கட்டிப் போட்ட காட்மியம் வெளியே போவதில்லை, சேர்ந்துகொண்டே வருகிறது. அதனால்தான் கால் சதையைவிட இந்த மஞ்சளில் காட்மியம் பல மடங்கு இருக்கும். ஐரோப்பிய நாடுகளில் நண்டுக்குக் காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பே கால், கொடுக்குச் சதைக்கு மட்டும் போட்டதுதான். மஞ்சள் அந்தக் கணக்கில் வராது.

பெண் நண்டில் செம்மஞ்சளாக, கெட்டியாக, மணிமணியாக இருப்பது சினை. அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது ரசத்துக்கு வருவோம். நண்டு ரசத்துக்கு நாம் நண்டை அப்படியே உரலில் போட்டு இடித்து, சாறு இறங்குகிற வரை கொதிக்க வைக்கிறோம். மஞ்சளும் சேர்த்து இடித்தால் அதிலுள்ள காட்மியத்தில் ஒரு பங்கு ரசத்தில் இறங்கிவிடும். ஆகவே இடிப்பதற்கு முன் மஞ்சளையும் செவுளையும் சுத்தமாக வழித்துவிட்டு, ஓட்டின் உள்பக்கம் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். காலையும் கொடுக்கையும் உடல் சதையையும் மட்டும் இடியுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் வழக்கம்போல. இப்படி வைத்த ரசம் என் வீட்டில் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ருசி குறைந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

அளவும் சொல்கிறேன், பயம் எவ்வளவு வேண்டும் என்று தெரிய வேண்டும் இல்லையா. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010-ல் சொன்ன கணக்கு இது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம் வரை தாங்கலாம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மாதம் 1,500 மைக்ரோகிராம். வரம்பை ஒட்டி, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் உள்ள நண்டுச் சதையை 100 கிராம் சாப்பிட்டால் 50 மைக்ரோகிராம் உள்ளே போகும். ஐரோப்பியக் கணக்கு இதைவிடக் கறாரானது. வாரத்துக்குக் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம்தான், அதாவது உங்களுக்கு வாரம் 150. சோறு, கீரை, கிழங்கு வழியாகவும் காட்மியம் வருவதால் முழுக் கணக்கையும் நண்டுக்கு எழுதிவிட முடியாது. ஆனாலும் சளிக்கு ஒரு தம்ளர் ரசம் குடிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை என்பது இதிலேயே தெரிகிறது. மஞ்சளை வாரம் தவறாமல் வழித்துச் சாப்பிடுவதுதான் கூடாது.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒன்று. இரும்புச் சத்து குறைந்திருந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். உடம்பு இரும்பைத் தேடும் வழியிலேயே காட்மியமும் நுழைந்துவிடுகிறது. போனது சிறுநீரகத்தில் தங்கும். பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். அதனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். மாத்திரை கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று அலமாரியில் சேர்த்து வைக்கிற பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் அம்மா.

அப்புறம், பிரசவம் ஆனதும் பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்யத் தயாராவார்கள். நண்டைவிட எனக்குக் கவலை அதில்தான். பாதரசம் சின்ன உயிரிலிருந்து பெரிய உயிருக்கு ஏறிக்கொண்டே போகும். சிப்பியிலும் நண்டிலும் இருப்பது கொஞ்சம். மீனைத் தின்னும் மீனில் கூடுதல். எல்லாவற்றையும் தின்னும் சுறாவில் மிகக் கூடுதல். கர்ப்பத்தில் இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் சுறாவை விட்டுவிடுங்கள். அத்தையிடம் காரல் குழம்பு கேளுங்கள். பாலுக்கு நல்லது என்று நம் பக்கத்தில் காலங்காலமாகக் கொடுப்பதுதானே. நெத்திலி, சாளை எல்லாம் சின்ன மீன்கள், பாதரசம் குறைவு.

கேள்வி: ஒரே கடல், ஒரே தண்ணீர். அப்படியிருக்க மீனைவிட மட்டியிலும் சிப்பியிலும் மட்டும் ஏன் கழிவு அதிகமாகச் சேர்கிறது?
வாசகர், பள்ளத்தூர்

இதை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். தொண்டிக்குப் போயிருந்த ஒரு மாணவியின் அப்பா ஒரு வாளி கடல் தண்ணீரோடு இருபது மட்டி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கண்ணாடி ஜாடி. இரண்டிலும் அதே கடல் தண்ணீர், அதே அளவு ரொட்டி ஈஸ்ட் கரைத்தது. நீராகாரம் போல வெளுத்துக் கலங்கிவிட்டது. ஒரு ஜாடியில் எட்டு மட்டியைப் போட்டோம். இரண்டு ஜாடிக்கும் பின்னால் தினத்தாளைச் சாய்த்து வைத்தோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வந்த அதிர்ச்சியில் மட்டிகள் இறுக்கமாக மூடிக் கிடந்தன. பிள்ளைகள் சத்தத்தைக் குறைத்ததும் ஒவ்வொன்றாக ஓடு ஒரு கீற்று அளவுக்குத் திறந்தது. அதன் வழியே நுனியில் மயிர் போல் ஓரம் வைத்த இரண்டு சின்னக் குழாய்கள் நீண்டன. ஒன்றில் தண்ணீர் உள்ளே போகிறது, மற்றதில் வெளியே வருகிறது. இரண்டாவது பீரியட் முடிகிற நேரத்தில் மட்டி இருந்த ஜாடி வழியாகத் தினத்தாளின் தலைப்பைப் படிக்க முடிந்தது. மட்டி இல்லாத ஜாடி அப்படியே கலங்கலாக நின்றது. முன் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், அந்தக் கலங்கல் எல்லாம் எங்கே போச்சு?"

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். அதன் உடம்புக்குள் போயிற்று. ஈஸ்ட் என்றால் செரித்துவிடும். காரீயமோ காட்மியமோ என்றால் தங்கிவிடும்.

நன்றாக வளர்ந்த ஒரு சிப்பி மணிக்குச் சில லிட்டர் தண்ணீரைச் செவுள் வழியாக இழுத்துவிடும். செவுளில் உள்ள நுண்ணிய மயிர்கள் தண்ணீரைத் தள்ளுகின்றன. மிதக்கும் துகள் கோழையில் ஒட்டி வாய்க்குப் போகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகம் செவுள் தோல் வழியாகவே நேராக உள்ளே இறங்கும். டிடிடி என்ற பூச்சிமருந்து, பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் போன்றவை தண்ணீரைவிடக் கொழுப்பில் கரைவதை விரும்புபவை, அவை கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி இராப்பகலாக இழுத்துக்கொண்டே இருப்பதால், தண்ணீரில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு உலோகம் அதன் சதையில் ஏறிவிடுகிறது. மீனுக்கு இடம் மாற முடியும். எண்ணெயில் வருகிற நச்சுகளைச் சிதைக்க மீனின் ஈரலில் நல்ல நொதிகள் உண்டு. மட்டிக்கும் சிப்பிக்கும் அந்த நொதி பலவீனம், இடம் மாறவும் வழியில்லை. பாறையில் ஒட்டியதும் மண்ணில் புதைந்ததுமாக, அங்கே என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது மீன்கள் ஓரளவு விலகிப் போயிருக்கலாம். சேற்றில் கிடந்த மட்டி எங்கே போகும்?

கண்ணுக்கே தெரிகிற அளவுக்குச் சேர்ந்ததும் உண்டு. 1986-ல் தைவானில் எர்ரென் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி வளர்த்த சிப்பிகள் பச்சையாக மாறிவிட்டன. ஆற்றங்கரையில் பழைய உலோகக் கழிவுகளை எரித்தும் அமிலத்தில் கழுவியும் செம்பு பிரித்த தொழிலின் கழிவுதான் காரணம். செம்பு அந்த அளவுக்கு ஏறிச் சதைக்கு நிறம் கொடுத்துவிட்டது. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். காட்மியத்துக்கும் பாதரசத்துக்கும் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஜப்பானில் மினமாட்டா விரிகுடா மக்கள் தினமும் சாப்பிட்ட மீனும் சிப்பியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. தொழிற்சாலை ஒன்று 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை அங்கே விட்டது. முதலில் பூனைகள் நிலை தடுமாறிச் சுழன்று விழுந்து செத்தன. பிள்ளைகளுக்கு நடையும் பேச்சும் போயின. 1956 மே 1-ல்தான் நோய் என்று பதிவானது. அதன் பிறகும் 12 வருடம் கழிவு விழுந்துகொண்டே இருந்தது. அந்த 12 வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: இறால் சாப்பிட்டுவிட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்தால் ஆர்சனிக் விஷமாகி உயிர் போய்விடும் என்கிறார்களே?
கல்லூரி மாணவி, காரைக்குடி

போகாது. தைரியமாகக் குடி.

இறாலில் ஆர்சனிக் இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு ஆர்சனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மமாக இருக்கிறது. அது உடம்புக்குள் மாறாமல் வந்த மாதிரியே சிறுநீரில் போய்விடும். பாட்டிமார் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது ஆர்சனிக்கின் வேறொரு வடிவம், ஆக்சைடு. ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிடாது.

தனிமத்தின் பெயரைக் கேட்டு மட்டும் பயப்படாதே, அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேள். ஆர்சனிக் கரிமத்தோடு சேர்ந்து இறாலில் இருக்கும்போது சாது. பாதரசம் மீத்தைல் தொகுதியோடு சேர்ந்தால் கொடியது. கீழே வெள்ளீயத்தின் கதையும் வருகிறது, படித்துப் பார்.

கேள்வி: மஞ்சள்தூள், கல் உப்பு, வினிகர் போட்டு ஊற வைத்துக் கழுவினால் ரசாயனம் போய்விடுமா? நன்றாக வேக வைத்தால்?
வாசகி, கோட்டையூர்

கவிச்சி போகும், மேலே ஒட்டிய மண் போகும். சதைக்குள் புரதத்தோடு கட்டுண்ட உலோகம் போகாது. நெருப்பிலும் போகாது, உலோகம் என்ன வெந்து அழியவா போகிறது.

சிப்பி வளர்க்கிற இடங்களில் சுத்திகரித்த கடல் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் விட்டு வைப்பார்கள். அது கிருமிக்கு நல்ல வைத்தியம். குடலில் உள்ள அசுத்தத்தையும் மண்ணையும் துப்பிவிடும். உலோகம் குறைய வாரக்கணக்கு, காட்மியமாக இருந்தால் மாதக்கணக்கு ஆகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சில காலங்களில் கடலில் ஒரு வகை நுண்பாசி பெருகும். அதைத் தின்ற மட்டியில் நரம்பை முடக்கும் சாக்சிடாக்சின் சேரும். அதுவும் வேக வைத்தால் அழியாது. 1981-ல் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் மட்டி சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள். கடல் தண்ணீர் சிவந்தோ பச்சையாகவோ கிடக்கும்போது, கரையில் மீன் செத்து ஒதுங்கும்போது, மட்டி பொறுக்கவே கூடாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் விரல் நுனியும் மரத்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வல்லத்துக்கு அடிப்பக்கம் பெயிண்ட் அடித்தால் சிப்பியும் பாசியும் ஒட்டுவதில்லை. ஒட்டவிடாத அந்த மருந்து கடலுக்குள் போய் என்ன செய்யும்?
வாசகர், ஜெகதாப்பட்டினம்

கடலில் தொழில் செய்கிறவரே இதைக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம் தம்பி.

அந்தப் பெயிண்ட் மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தது. கரைந்து வருகிற நஞ்சுதான் ஒட்ட வருவதைக் கொல்கிறது. முன்பு அதில் டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டிபிடி, கலந்தார்கள். வெள்ளீயம் கரிமத்தோடு சேர்ந்த பொருள். பிரான்சில் ஆர்க்கஷோன் என்ற விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பேர் போனது. 1970-களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. பிழைத்த சிப்பியின் ஓடு கன்னாபின்னாவென்று தடித்து, உள்ளே அறை அறையாகப் பிரிந்து, சதைக்கு இடமே இல்லாமல் உருண்டையாகிவிட்டது. விரிகுடாவில் நின்ற உல்லாசப் படகுகளின் பெயிண்டுதான் காரணம் என்று தெரிந்ததும், 1982-ல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். குஞ்சுகள் மறுபடி பிழைக்கத் தொடங்கின. கடல் நத்தைகளில் இன்னும் கொடுமை. பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைத்து முட்டையிட முடியாமல் போனது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு டிபிடி இருந்தாலே அதற்குப் போதும். 2001-ல் டிபிடி பெயிண்டைத் தடை செய்ய உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன, 2008-ல் அது நடப்புக்கு வந்தது.

இன்றைக்குக் கிடைக்கும் பெயிண்டுகளில் பெரும்பாலும் செம்பு இருக்கும். டிபிடி அளவுக்குக் கொடியது இல்லை என்றாலும், சிப்பியும் மட்டியும் செம்பையும் சேர்த்து வைப்பவைதான். உங்கள் கையில் இருக்கிற காரியம் ஒன்று உண்டு. வல்லத்தைக் கரையேற்றிப் பழைய பெயிண்டைச் சுரண்டும்போது அடியில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். விழுகிற செதில் ஒவ்வொன்றும் கெட்டியான நஞ்சு. அடுத்த ஓதத்தில் அது அங்கேயே மணலுக்குள் இறங்கும், மட்டி இருப்பதும் அதே மணலில்தான். சுரண்டியதைச் சாக்கில் கட்டி, அலை தொடாத இடத்துக்குக் கொண்டுபோய்க் குப்பை எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுங்கள். பேட்டரிக் கட்டை, டீசல் எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான்.

எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. செட்டிநாட்டில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கடைசியில் உங்கள் கடலுக்குத்தான் வருகிறது. வாய்க்காலில் வீசிய உடைந்த டியூப்லைட்டில் பாதரசம், பழைய பேட்டரியில் காரீயமும் காட்மியமும். ஊருக்கும் கடலுக்கும் தூரம் என்று இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: நண்டு ரசத்தை ஈயச் சொம்பில் வைக்கலாமா? ஈயம் விஷம் என்று மகன் சொல்கிறான். அப்பத்தா காலத்துச் சொம்பு.
வாசகி, கானாடுகாத்தான்

வீட்டுப் பேச்சில் ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம். பாடப் புத்தகத்தில் ஈயம் என்று வருவது காரீயம். மகன் பயப்படுவது காரீயத்தை. வெள்ளீயச் சொம்பு சுத்தமானதாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். புளித் தண்ணீர் இருக்கும்போதே அடுப்பில் ஏற்றுங்கள், காலியாகச் சூடேற்றினால் 232 டிகிரியில் உருகிவிடும். மேலே படகு பெயிண்டில் சிப்பியைக் கொன்ற அதே வெள்ளீயம்தான் இது. கரிமச் சங்கிலி இல்லாததால் சாதுவாக இருக்கிறது.

ஆனால் விலை குறைக்கக் காரீயம் கலந்து விற்பதும், பூசுகிறவர்கள் கலந்து பூசுவதும் நடக்கிறது. புளியின் அமிலத்தில் அது இறங்கும். சிப்பிக்கு ஐரோப்பாவில் காரீய வரம்பு கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் என்று அத்தனை கவனமாக அளக்கிறார்கள். நம் அடுப்பில் இருக்கிற பாத்திரத்தை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. சொம்பின் விளிம்பை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேயுங்கள். பென்சில் போல் கறுப்புக் கோடு விழுந்தால் அதில் சமைக்க வேண்டாம். கோடு விழவில்லை என்பதை மட்டும் வைத்துச் சுத்தம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கைப்பிள்ளை இருக்கிற வீடு என்றால், ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், திரும்பச் சரி செய்ய முடியாது. அப்பத்தா சொம்பாக இருந்தாலும் இதில் தயவு பார்க்காதீர்கள்.

கேள்வி: ஆச்சி, எங்கள் ஐயா வீட்டுச் சுவர் கிளிஞ்சல் சுண்ணாம்பில் பூசியது. அந்தக் காலத்துக் கிளிஞ்சலிலும் கழிவு இருந்திருக்குமா? அதைக் கண்டுபிடிக்க முடியுமா?
9-ம் வகுப்பு மாணவி, புதுவயல்

எத்தனை நல்ல கேள்வி. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

சிப்பி தன் ஓட்டை அடுக்கு அடுக்காகக் கட்டும். மரத்துக்கு உள்ளே வளையம் இருப்பது போல ஓட்டிலும் வரி இருக்கும். அன்றைய தண்ணீரில் இருந்தது கொஞ்சம் அன்றைய வரியில் அடங்கிவிடும். வட அட்லாண்டிக்கில் ஒரு வகை மட்டி நூற்றாண்டுக் கணக்கில் வாழ்கிறது. 2006-ல் ஐஸ்லாந்துப் பக்கம் எடுத்த ஒன்றின் வரிகளை எண்ணியதில் அதற்கு வயது 507. அதே வகை மட்டியை அமெரிக்கக் கடற்கரையில் எடுத்து, வரி வரியாகக் காரீயத்தை அளந்தார்கள். காரீயம் கலந்த பெட்ரோலை வண்டிகளுக்குப் போட்ட காலத்தில் ஏறிக்கொண்டே போய், 1970-களின் கடைசியில் உச்சம் தொட்டு, அந்தப் பெட்ரோலை நிறுத்த நிறுத்த இறங்கியிருந்தது. நம் நாட்டில் அந்தப் பெட்ரோல் 2000-ல்தான் நின்றது.

உன் ஐயா வீட்டுச் சுவரில் அந்த வரிகளைப் படிக்க முடியாது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்து, முட்டை வெள்ளைக்கருவோடு சேர்த்துப் பூசியதில் எல்லா அடுக்கும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனால் பழைய வீடுகளில் கொல்லைப்புறச் சுவர் காரை உதிரும்போது சில இடங்களில் சரியாக வேகாத கிளிஞ்சல் துண்டு வெள்ளையாகத் தலை நீட்டும். எங்கள் வீட்டில் கிணற்றடிச் சுவரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று இருக்கிறது, வரிகூடத் தெரிகிறது. உன் ஐயா வீட்டிலும் தேடிப் பார்.

சதையை வைத்து அளப்பதற்கு வேறு முறை. 1975-ல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்கக் கடல் வேதியியலாளர், உலகக் கடற்கரை எல்லாம் சிப்பியை எடுத்துச் சோதித்தால் எந்தக் கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடுமே என்று சொன்னார். அமெரிக்காவில் 1986 முதல் அது தேசியத் திட்டமாக நடக்கிறது. 1990-களில் ஜப்பானின் ஷின்சுகே தனாபே குழுவினர் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தியக் கடற்கரைகளில் பச்சைச் சிப்பி என்ற வகையை எடுத்து டிடிடி, பிசிபி, டிபிடி எல்லாம் அளந்தார்கள். உலோகம் அளப்பதென்றால் சதையை ஓட்டிலிருந்து பிரித்து, உலர்த்தி, பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்குவார்கள். சதை முழுவதும் கரைந்து இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த திரவமாக நிற்கும். அதைத்தான் கருவியில் விடுவார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. உங்கள் அறிவியல் டீச்சரிடம் சொல்லி ஒரு நாள் கூட்டிப் போகச் சொல்.

அதுவரை நீயே ஒன்று தொடங்கலாம். தொண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே கரையில், ஒரே வகை மட்டி ஓடு பத்து எடு. உயிருள்ளதை எடுக்க வேண்டாம், புதிதாக ஒதுங்கிய ஓடு போதும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வை. ஓட்டின் உள்பக்கம் பென்சிலால் இடமும் தேதியும் எழுது. பேனா மை வேண்டாம், அதிலும் உலோகம் இருக்கும். காகித உறையில் போட்டு, உறை மேலும் அதையே எழுதி, ஈரம் படாத இடத்தில் வை. முதல் உறை வைத்ததும் எனக்கு ஒரு கடிதம் போடு.